நனைந்த சாலையில் மறையும் கோடுகள்

சாலைக் கோடுகள் இரவில் எவ்வளவு ஒளியைத் திருப்பித் தருகின்றன என்று அளக்கும் பணியில் இருக்கும் எனக்கு, காய்ந்த சாலையில் எடுத்த அளவை மட்டும் வைத்து ஒரு கோட்டை நல்லது என்று சொல்ல மனம் வருவதில்லை. புதிதாகப் போட்ட வெள்ளைக் கோடு 300 மில்லிகேண்டெலாவுக்கு (திரும்பிவரும் ஒளியைச் சொல்லும் அலகின் சுருக்கம்) மேல் காட்டலாம். மழையில் நனைந்ததும் அதே கோடு அதில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கிவிடுவதும் உண்டு.

உருப்பெருக்கியை வைத்துப் பார்த்தால் காரணம் புலப்படும். கோடு போட உருக்கி ஊற்றும் தெர்மோபிளாஸ்டிக் என்ற பொருள் இளகிய சூட்டில் இருக்கும்போதே தூவிய கண்ணாடி மணிகள், பாதிக்குச் சற்று அதிகமாகப் புதைந்து, மீதி வெளியே தெரியும்படி நிற்கின்றன. முகப்பு விளக்கின் ஒளி மணிக்குள் புகுந்து வளைந்து, அடியிலுள்ள வெள்ளை நிறமியில் பட்டு, வந்த திசையிலேயே ஓட்டுநரை நோக்கித் திரும்புகிறது. சாதாரண மணியின் ஒளிவிலகல் எண் சுமார் 1.5, தண்ணீருக்கு 1.33, நீர்ப்படலம் மூடியதும் இந்த இடைவெளி குறைந்து, ஒளி குவிய வேண்டிய இடத்தில் குவியாமல் போகிறது. போதாக்குறைக்கு, மிகச் சாய்வாக வந்து விழும் ஒளியில் பெரும்பகுதியை நீர்ப்பரப்பே முன்னோக்கித் தெறிக்கவிடுவதால், எதிரே வருபவருக்குக் கண் கூசுகிறதே தவிர, ஓட்டுபவருக்குக் கோடு தெரிவதில்லை.

ஐரோப்பியத் தரநிலையான இ.என். 1436, கோட்டின்மீது தண்ணீரைக் கொட்டி ஒரு நிமிடம் கழித்து அளக்கச் சொல்கிறது. அந்த நிமிடம் முடியும்வரை பொறுக்காமல் அடுத்தடுத்து அளந்து பார்த்தால், பெரிய மணிகளின் தலைகள் நீரைவிட்டு வெளிவர வெளிவர, கருவியில் எண் மெல்ல ஏறுவதைக் காணலாம். விடாது பெய்யும் மழையோ நீர் வடிய நேரம் தருவதில்லை. அந்நிலைக்கும் தனிச் சோதனை உண்டு என்றாலும், அதற்குச் செயற்கை மழை வேண்டியிருப்பதால் களத்தில் அது எளிதல்ல. அமெரிக்காவில் 2022இல் வந்த விதியும், மணிக்கு 35 மைலும் அதற்கு மேலும் வேக வரம்புள்ள சாலைகளுக்கு வைத்த 50 மில்லிகேண்டெலா என்ற கீழ்வரம்பைக் காய்ந்த நிலைக்கே வைத்திருக்கிறது. ஓட்டுநருக்குக் கோடு மிகவும் தேவைப்படுவது மழை இரவில்தான் என்பதால், ஒப்பந்தத்தில் ஈர அளவையும் கேட்க வேண்டும் என்று நான் வலியுறுத்தி வருகிறேன். (சுரண்டி நீக்கிய பழைய கோட்டின் தடம் ஈரத்தில் பளபளத்து, புதுக் கோட்டைவிட எடுப்பாகத் தெரிவது இன்னொரு ஆபத்து.)

மேடுபள்ளமாக வார்த்த கோடுகளில் நீர் பள்ளத்தில் வடிய, மேட்டிலுள்ள மணிகள் வெளியே நிற்பதால், மழையிலும் அவை ஓரளவு தெரிகின்றன. ஆனால் அந்தப் பள்ளங்களில் மண்ணும் ரப்பர்த் துகளும் படிந்து வடிகால் அடைபடக்கூடும். ஆகையால் அவற்றையும் போட்ட புதிதில் ஒருமுறை அளப்பதோடு விடாமல், பிறகும் அவ்வப்போது நனைத்துத்தான் அளக்க வேண்டும்.