மைனஸ் ஒன்று

"கிடைக்கலைன்னா எரரே வரட்டுமே சார், எதுக்கு மைனஸ் ஒன்னு?" டியூப்பிளில் (பைத்தானில் மாற்ற முடியாத பட்டியல்) ஒரு பெயர் எந்த இடத்தில் இருக்கிறது என்று தேடி, கிடைக்காவிட்டால் மைனஸ் ஒன்று தரும் என் ஃபங்ஷனைப் பற்றி கோட் ரிவ்யூவில் வந்த கேள்வி. "கூப்பிடுற இடத்துல செக் பண்ணிக்கலாம்" என்று பதில் எழுதிவிட்டு மெர்ஜ் செய்தேன்.

பைத்தானில் டியூப்பிளுக்கு மெதட் இரண்டே: எத்தனை முறை வருகிறது என்று எண்ணும் கவுண்ட், முதலில் வரும் இடத்தைச் சொல்லும் இண்டெக்ஸ். 2008-இல் வந்த 2.6 பதிப்பில்தான் அவையும் சேர்ந்தன. தேடும் மதிப்பு இல்லையென்றால் இண்டெக்ஸ் வேல்யூஎரர் எழுப்பும். ஸ்ட்ரிங்கில் உள்ள ஃபைண்ட் போல மைனஸ் ஒன்று தரும் மெதட் டியூப்பிளுக்கு இல்லை. அதைக் குறை என்று நினைத்து, எரரைப் பிடித்துக்கொள்ளும் ட்ரை எக்ஸெப்ட் போட்டு அந்த ஃபங்ஷனை எழுதினேன். பைத்தானில் மைனஸ் ஒன்று செல்லுபடியாகும் இடம். கடைசி உறுப்பைக் குறிக்கும். என் டியூப்பிளில் இருந்தவை ஒரு தரவுக் கோப்பின் தலைப்பு வரியில் உள்ள பத்திகளின் (நெடுவரிசைகளின்) பெயர்கள். அதில் ஒரு பத்தியின் பெயர் மாறியபோது புரோகிராம் நிற்கவில்லை. வரிக்கு வரி கடைசிப் பத்தியை எடுத்துக்கொண்டு ஓடியது. தேடிய பத்தி, கடைசிப் பத்தி இரண்டிலும் எண்களே இருந்ததால் யார் கண்ணிலும் படவில்லை. செக் பண்ணாமல் விட்ட அந்த இடத்தையும் நானேதான் எழுதியிருந்தேன்.

ஆனாலும் அழைக்கும் இடமெல்லாம் ட்ரை எக்ஸெப்ட் நிறைந்தால் கோடைப் படிக்க முடியாது. பெயர் இருக்கிறதா என்று 'இன்' வைத்து முதலில் பார்த்தால் ஒரே டியூப்பிளை இருமுறை அலச வேண்டும் என்றும் அன்று வாதிட்டேன். இருபது பத்திக்கு அது ஒரு செலவே இல்லை. அந்த வாதம் நிற்காது. மைனஸ் ஒன்றுக்குப் பதில் நன் (None, 'எதுவும் இல்லை' என்ற மதிப்பு) திருப்பியிருக்கலாம். அதை இடமாகக் கொடுத்தால் உடனே டைப்எரர் வரும். ஆனால் வெறும் இஃப் போட்டுச் சோதிப்பவரிடம், முதல் இடத்தின் எண்ணான 0-வும் பொய்யாகிவிடும். முதல் பத்தியே இல்லை என்றாகும். 'இஸ் நாட் நன்' என்றே எழுத வேண்டும்.

எரரை வரவிட்டிருந்தால் எல்லாம் சரியாகியிருக்குமா? அதிலும் எனக்குச் சந்தேகம்தான். ட்ரூவைத் தேடினால், முன்னால் 1 இருந்தால் அதன் இடத்தையே இண்டெக்ஸ் தரும். பைத்தானுக்கு ட்ரூவும் 1-உம் சமம். ஒரே பெயர் இருமுறை வந்தால் முதலாவது மட்டும் கிடைக்கும். அடுத்ததற்குத் தொடக்க இடத்தை ஒன்று கூட்டிக் கொடுக்க வேண்டும். வரும் விடை அப்போதும் டியூப்பிளின் தொடக்கத்திலிருந்தே எண்ணப்பட்டது. அதோடு தொடக்க இடத்தை மறுபடி கூட்டினால் தவறு. இவை எதிலும் எரர் வராது.

இப்போது ஒவ்வொன்றுக்கும் வரிசை எண் தரும் எனியூமரேட் வைத்து, பெயருக்கு இடம் சொல்லும் டிக்ஷ்னரியை ஒருமுறை கட்டிக்கொள்கிறேன். இல்லாத பெயருக்குக் கீஎரர் வரும். ஆனால் இரட்டைப் பெயர் வந்தால் இதில் கடைசியது தங்கிவிடும், இண்டெக்ஸுக்கு நேர் எதிராக. அதனால் டிக்ஷ்னரியின் நீளமும் டியூப்பிளின் நீளமும் ஒன்றா என்று பார்த்த பிறகே முதல் வரியைப் படிக்க விடுகிறேன்.