திம்பத்துக்கு மேலே

அக்டோபர் 3, 2004
ஆசனூர். வீரப்பனைத் தேடும் அதிரடிப்படை முகாம். மகனோடு ஃபோனில் இரண்டு நிமிஷம். "சாப்பிட்டியா சாமி?" "ம்."

அக்டோபர் 7
தடம் தெரிகிறது என்றார்கள். போய்ப் பார்த்தால் மாடு மேய்க்கிறவர்கள் மூட்டிய அடுப்பு. முகாமுக்கு வந்ததும் உண்ணி பிடுங்கும் வேலை. தேங்காய் எண்ணெய் தடவி, கொஞ்சம் பொறுத்து, நகத்தால் மெல்ல இழுப்பது எங்கள் வழக்கம். தலை உள்ளே நின்றுவிட்டால் வாரக்கணக்கில் அரிக்கும்.

அக்டோபர் 10
மறுபடியும் அந்தக் கேள்விதான் ஓடுகிறது. கோடை லீவில் சோற்றில் கை வைத்தபடி கேட்டான்: "சதாசிவா கமிஷன்ல மலைக்கிராமத்துப் பொம்பளைங்க சொன்னதைப் படிச்சீங்களாப்பா?" எங்கள் அதிரடிப்படை மேல் வந்த அத்துமீறல் புகார்களை விசாரித்த கமிஷன் அது. சட்டம் படி என்று அவனைச் சேர்த்துவிட்டதே நான்தான். நான் பாலாறு பற்றிச் சொன்னேன். 1993 ஏப்ரல் 9, வீரப்பன் கூட்டம் வைத்த கண்ணிவெடி, 22 பேர் செத்தார்கள். அதில் போலீஸைவிட, நமக்குத் துப்புச் சொல்ல வந்த ஊர்க்காரர்கள்தான் அதிகம். அவர்கள் வீட்டிலும் பொம்பளைகள் இருந்தார்கள். "அதுவும் தப்பு, இதுவும் தப்புதான்ப்பா" என்றான். கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அவன் அம்மா ரசத்தைக் கொண்டுவந்து வைத்தாள்.

2002-இல் வீரப்பன் கடத்திக்கொண்டு போன கர்நாடக முன்னாள் மந்திரி நாகப்பா, டிசம்பரில் பிணமாகக் கிடைத்தாரே, அதையும் சொல்லியிருக்கலாம். அன்றைக்கு வாயில் வரவில்லை.

அக்டோபர் 13
வீரப்பனுக்குக் கண் மங்குகிறது என்று முகாமில் பேச்சு. வருஷக்கணக்காக இப்படி ஏதாவது ஒன்று.

அக்டோபர் 15
ஃபோனை எடுக்கவில்லை.

அக்டோபர் 17
பெரிய அதிகாரிகள் யாரையும் காணோம். எங்கே என்று கேட்கக் கூடாது. மழை.

அக்டோபர் 19
முடிந்தது. வீரப்பனைச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். நேற்று ராத்திரி 11 மணி வாக்கில், தர்மபுரி பாப்பாரப்பட்டியில். கண் வைத்தியத்துக்கு என்று நம்பவைத்து, ஆம்புலன்ஸில் ஏற்றிக் காட்டை விட்டு வெளியே கொண்டுவந்திருக்கிறார்கள். கூடவே அவன் ஆட்கள் சேத்துக்குளி கோவிந்தன், சந்திரே கவுடா, சேத்துமணி. எங்கள் படைத் தலைவர் விஜயகுமார் சார் போட்ட திட்டம். நாங்கள் இங்கே புதரைத் தள்ளிக்கொண்டிருந்தோம். ஊரெல்லாம் பட்டாசு. பாலாற்றில் போனவர்கள் ஞாபகம் வந்து அழுதுவிட்டேன்.

சத்தியமங்கலத்தில் இறங்கியதும் செல் அடித்தது. அவனே கூப்பிட்டான். "பத்திரமா இருக்கீங்களாப்பா?" நெஞ்சு நிறைந்துபோனது. அப்புறம் கொஞ்சம் தயங்கி, "உயிரோட பிடிச்சு கோர்ட்டுக்குக் கொண்டுவந்திருக்கலாமேப்பா."

அக்டோபர் 22
பதவி உயர்வு, வீட்டுமனை, 3 லட்சம் என்று அறிவிப்பு. மனை எந்தப் பக்கம் வரும் என்று அவன் அம்மா கேட்கிறாள். கோர்ட்டில் நிறுத்தியிருந்தால் அந்தப் பொம்பளைகளையும் கூண்டில் ஏற்றிக் கேட்டிருப்பார்கள். அது தெரிந்துதான் சொல்லியிருப்பான். லீவு எழுதிக் கொடுத்திருக்கிறேன். கிடைத்தால் வீட்டுக்குப் போகாமல் நேரே அவன் ஹாஸ்டலுக்கு.