சைக்கிள் ஆசையும் தமிழ்த் தேர்வும்

ஆகஸ்ட் 12, 2024, திங்கள்

ஆறாம் வகுப்புக்கு மாதிரித் தேர்வுத் தாள்களைத் திருப்பிக் கொடுத்தேன். ஆண்டு இறுதியில் பி.எஸ்.ஏ.சி. என்கிற ஆரம்பப் பள்ளி இறுதித் தேர்வு. இங்கே மொரிஷியஸில் தமிழ் விருப்பப் பாடம்தான். வீட்டில் கிரியோல், பள்ளியில் ஆங்கிலமும் பிரெஞ்சும், அதற்கு மேல் தமிழ் என்று பிள்ளைகளுக்குச் சுமை அதிகம். தமிழில் நல்ல மார்க் எடுத்தால் சைக்கிள் வாங்கித் தருவதாகப் பின்வரிசைப் பையனிடம் அவன் அப்பா சொல்லியிருக்கிறாராம். "அதற்கு என்ன செய்யப் போகிறாய்?" என்று கேட்டேன். "கேள்வியை நல்லா படிச்சுப் பார்ப்பேன், மிஸ்" என்று கிரியோலில் சொன்னான். அவ்வளவுதான். ஆசை மலையளவு இருக்கிறது, வழி தெரியவில்லை.

ஆகஸ்ட் 14, புதன்

அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ரோலண்ட் ஃபிரையர் 2011இல் வெளியிட்ட ஆய்வை மறுபடி எடுத்துப் படித்தேன். நியூயார்க்கில் தேர்வு மார்க்குக்குக் காசு கொடுத்துப் பார்த்தார்கள், மார்க் ஏறவில்லை. டாலஸில் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரு புத்தகம் படித்து, அதையொட்டிய கேள்விகளுக்குச் சரியாக விடை சொன்னால் 2 டாலர். அங்கே வாசித்துப் புரிந்துகொள்ளும் திறன் கூடியது. மார்க் எப்படிக் கூடும் என்று நியூயார்க் பிள்ளைகளைக் கேட்டபோது, கேள்வியைக் கவனமாகப் படிப்போம் என்கிற மாதிரிதான் பதில் வந்திருக்கிறது. என் பையன் சொன்னதேதான்!

ஆகஸ்ட் 23, வெள்ளி

இனி என் வகுப்பில் மார்க்குக்கு ஸ்டிக்கர் கிடையாது. ஒரு பத்தியை உரக்க வாசித்து, சொந்தமாகச் சில வாக்கியம் எழுதினால் அந்த இடத்திலேயே ஸ்டிக்கர். வாரக் கடைசி வரை தள்ளிப்போட்டால் எதற்குக் கொடுத்தோம் என்பதே பிள்ளைக்கு மறந்துபோகும்.

இன்று அந்தப் பையன் "மலை பெய்தது" என்று எழுதினான். நோட்டை நீட்ட வந்தவன் நின்று, உதடு அசைய வாசித்துப் பார்த்து, 'லை'யை அடித்துவிட்டு மேலே 'ழை' போட்டான். "புத்திசாலி" என்று நான் சொல்லவில்லை. "திரும்ப வாசித்தாய், அதனால்தான் தப்பு கண்ணில் பட்டது" என்றேன். உளவியல் ஆய்வாளர்கள் முல்லரும் ட்வெக்கும் 1998இல் காட்டியது இதுதான்: புத்திக்காகப் புகழப்பட்ட பிள்ளைகள் கடினமான புதிர் வந்ததும் துவண்டார்கள், உழைப்புக்காகப் புகழப்பட்டவர்கள் விடாமல் முயன்றார்கள்.

செப்டம்பர் 3, செவ்வாய்

பையனின் அப்பா வாசலில் காத்திருந்தார். "தினம் கொஞ்ச நேரம் அவன் வாசிக்கிறதைப் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்க" என்றேன்.

"எனக்குத் தமிழ் படிக்கத் தெரியாதே, மிஸ்."

"கேட்டால் போதும். அர்த்தத்தை அவன் கிரியோலில் சொல்லட்டும்."

"அப்போ சைக்கிள்?"

"அதைப் பிறந்தநாளுக்கு வாங்கிக் கொடுங்க. மார்க்கோடு முடிச்சுப் போட வேண்டாம்."

யோசித்துவிட்டுச் சரி என்றார். வாசிக்க எந்தப் பாடம் என்று கேட்டார். பக்கத்தைக் குறித்துக் கொடுத்தேன்.