1042இல் எழுந்த முகடு

"சேர், சூடு கூடக்கூட அயன் சோடிகளும் கூடுது, ஆனா கடத்துதிறன் குறையலையே?" என்று அந்த மாணவி கேட்டபோது, "படலத்தில் ஈரம் ஏறியிருக்கும், அந்த வரைபை எடுத்துவிடுங்கள்" என்று நான் தலை நிமிராமலே சொன்னேன்.

அவர் காட்டியது பொலிஎதிலீன் ஒக்சைட் என்ற பல்பகுதியத்தின் படலத்தில் கரைத்த இலிதியம் திரிபிளேற்று என்ற உப்பின் செந்நிறக்கீழ் நிறமாலை. அந்த உப்பின் மறையேற்ற அயனான அன்னயன் தனித்திருந்தால் அதன் முகடு 1032 அலையெண்ணுக்கு (cm⁻¹) அண்மையில் வரும். இலிதியத்தோடு சோடி சேர்ந்தது 1042க்கு அண்மையில் வரும். 70 பாகை செல்சியசிலிருந்து 100 வரை சூடேற்றியதில் இரண்டாவது முகடு படிப்படியாக உயர்ந்திருந்தது. சோடிக்கு நிகர ஏற்றம் இல்லை. அது நகர்ந்தாலும் மின்னைச் சுமக்காது. ஆகவே சோடி கூடினால் கடத்துதிறன் குறைய வேண்டும் என்பதே என் மனக்கணக்காக இருந்தது.

ஈரத்தைச் சந்தேகித்ததில் தவறில்லை. ஐப்பசி மழையில் ஹந்தானை மலையிலிருந்து மூடுபனி இறங்கும் நாட்களில் இந்தப் படலங்கள் கண்ணெதிரே பிசுபிசுத்துவிடும். ஆனால் நீர் இலிதியத்தைச் சூழ்ந்து சோடியைப் பிரிக்குமேயன்றிச் சேர்க்காது. சூடேறும்போது அந்த நீர் வெளியேறி, அதனால் சோடிகள் கூடியிருக்கலாம் என்றும் வாதிடலாம். எனினும் அந்த வாதம் அன்று என்னிடம் இருக்கவில்லை, பின்னர் என்னைத் தேற்றிக்கொள்ள நானே கட்டியது.

அவர் கண்டது உண்மையாகவும் இருக்கலாம். பல்பகுதியச் சங்கிலியில் உள்ள ஈதர் ஒட்சிசன்கள் இலிதியத்தைப் பற்றிக்கொண்டு அந்தச் சங்கிலியை இறுக்குகின்றன. வெப்பம் கூடும்போது அந்த இறுக்கத்தைத் தளர்த்துவதே எந்திரப்பிக்கு, அதாவது ஒழுங்கின்மை கூடுவதற்கு, சாதகமாகி, விடுபட்ட இலிதியம் அன்னயனிடம் திரும்புகிறது. அதேவேளை சங்கிலியின் அசைவு விரைவுபடுவதால், எஞ்சிய தனி அயன்கள் முன்னிலும் வேகமாக நகர, கடத்துதிறன் உயர்ந்துகொண்டே போகிறது. பொலிபுரொப்பிலீன் ஒக்சைட்டில் இத்தகைய சோடிகளை ராமன் நிறமாலை கொண்டு 1980களிலேயே ஆராய்ந்திருந்தார்கள். அதை அறிந்திருக்க வேண்டியவன் நான், அவரல்லர்.

இரண்டில் எது சரி என்பதைப் படலத்தை ஆறவிட்டு அளந்திருந்தால் ஓரளவு அறிந்திருக்கலாம்: நீர் வெளியேறியதுதான் காரணமென்றால் முகடு உயர்ந்தபடியே நின்றிருக்கும், இல்லையேல் பழைய அளவுக்கு இறங்கியிருக்கும். அப்படி அளக்கும்படி நான் சொல்லவில்லை. ஒருவேளை மழைக்காலம் முடியட்டும் என்று எண்ணியிருந்தேனோ என்னவோ. அதையும் இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

ஆய்வேடு அந்த வரைபு இல்லாமலே ஏற்கப்பட்டது. அவருடைய ஆய்வுகூடக் குறிப்பேடு இன்னமும் என் அலுமாரியில் இருக்கிறது. 100 பாகை அளவீட்டின் கீழே பென்சிலால் "ஆறவிட்டு மறுபடி அளக்கவும்" என்று எழுதியிருக்கிறார். திகதி, நாங்கள் பேசிய அதே நாள். அதற்குக் கீழே பக்கம் வெறுமையாக இருக்கிறது.