கிரயப் பத்திரத்தில் ஒரு எழுத்து மாறியிருந்தது: விற்பதற்குள் சரிசெய்த கதை

எங்கள் வீட்டை விற்க அட்வான்ஸ் வாங்கி, மூன்று மாதக் கெடு வைத்து ஒப்பந்தமும் போட்டாயிற்று. அதன் பிறகுதான் வாங்குபவரின் வங்கி வக்கீல் கண்டுபிடித்தார்: 1998 கிரயப் பத்திரத்தின் சொத்து விவரத்தில் சர்வே எண்ணின் உட்பிரிவு ‘2ஏ’ என்று இருக்க வேண்டிய இடத்தில் ‘2பி’. நான்கெல்லை, அளவு இரண்டும் சரி, பட்டாவும் 2ஏ-வில்தான். ஆனால் ஈசி (வில்லங்கச் சான்று) சர்வே எண்ணை வைத்துத்தானே போடுகிறார்கள்? 2ஏ-வுக்குப் போட்டால் எங்கள் கிரயமே வரவில்லை. எங்களுக்கு விற்றவரே இன்னும் உரிமையாளர் போல நின்றார்.

இதற்குப் பிழைத்திருத்தல் பத்திரம் போட வேண்டும். விற்றவர் உயிரோடு இருந்தால் இரு தரப்பும் கையெழுத்திட்டு ஒரே நாளில் முடியும். எங்கள் விஷயத்தில் அவர் இறந்துவிட்டார். வாரிசுகள் எல்லோரும் எழுதிக்கொடுக்க வேண்டும். “மூத்த மகன் வந்தால் போதும்” என்று ஆவண எழுத்தர் சொன்னதை நம்பிப் போனோம். வாரிசுச் சான்றிதழில் மூன்று பெயர் இருப்பதைப் பார்த்துச் சார்பதிவாளர் திருப்பி அனுப்பிவிட்டார். பதிவுக்கு எடுத்த டோக்கன் போயிற்று, வெளியூரிலிருந்து வந்த மனிதருக்கு ஒரு நாளும் போயிற்று. டோக்கன் போடும் முன் வாரிசுச் சான்றிதழை நீங்களே கையில் வாங்கிப் படியுங்கள். அதிலுள்ள பெயரும் ஆதார் பெயரும் இனிஷியல் வரை ஒத்துப்போகிறதா என்றும் பாருங்கள்.

அடுத்த சிக்கல், வாரிசுகளில் ஒருவரான, வெளிநாட்டில் இருக்கும் அவருடைய மகள். தன் சார்பில் இங்கே ஒருவர் கையெழுத்திட, இந்தியத் தூதரகத்தில் பவர் எழுதி அனுப்பினார். அது இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. இரண்டாவது முறையும் வெறுங்கையோடு திரும்பினோம். பவரில் “சொத்தை நிர்வகிக்க” என்று பொதுவாக எழுதினால் பற்றாது. எந்த ஆவண எண்ணுக்குப் பிழைத்திருத்தல் என்பதைக் குறிப்பிட்டே வாங்குங்கள்.

பத்திரத்தில் பழைய ஆவண எண், வருடம், தவறான வாசகம், சரியான வாசகம் நான்கும் வரட்டும். அளவும் எல்லையும் கிரயத்தொகையும் மாறவில்லை என்று ஒரு வரி கட்டாயம். பரப்பு கூடினாலோ வேறு நிலமாகத் தோன்றினாலோ புதுக் கிரயம் என்று சொல்லித் தீர்வை கேட்பார்கள். பட்டா, புலப்படம், வீட்டுவரி ரசீது இணைத்தோம். அதில் கேள்வியே வரவில்லை.

ஈசி இரண்டு எண்ணுக்கும் எடுங்கள். 2பி-க்கு எடுத்ததில், நாங்கள் என்றோ அடைத்த வீட்டுக்கடன் இன்னும் நிலுவையாக நின்றது. கடன் முடிந்த கடிதம் இருந்தாலும், வங்கி அதிகாரி வந்து ரசீது ஆவணம் பதிந்தால்தான் அந்தப் பதிவு தீரும். அது ஒரு மதியத்தில் முடிந்தது. 2பி-யின் உண்மையான உரிமையாளருக்கும் எங்கள் கிரயம் இத்தனை வருடம் வில்லங்கமாக நின்றிருக்கிறது, பாவம். திருத்தப் பத்திரத்தின் நகல் ஒன்றை அவரிடமும் கொடுத்துவிட்டோம்.

புது ஈசியில் 2ஏ-வுக்கு நேராக எங்கள் பெயர் வந்தபோது கெடுவில் பதினோரு நாள் மீதி இருந்தது.