பள்ளிக்கூடத்தில் தங்கமான பிள்ளை, வீட்டில் மட்டும் சண்டை: எங்கள் கிளினிக் அனுபவம்

வீட்டில் மட்டும் எதிர்த்து நிற்கிற பிள்ளையை வைத்துக்கொண்டு, வெளியில் சொன்னால் யாரும் நம்பாமல் தவிக்கிற பெற்றோர் திருகோணமலையில் நிறையப் பேர் இருக்கிறார்கள். மனநலக் கிளினிக் வாங்கில் போய் உட்கார்ந்த பிறகுதான் எனக்கு அது தெரிந்தது. அவர்களை நினைத்துத்தான் எழுதுகிறேன்.

மகனுக்கு ஒன்பது வயது. உவர்மலையில் இருக்கிறோம். பள்ளிக்கூட வேனால் இறங்கும்போது சாரதி அண்ணாவுக்குக் கை காட்டிச் சிரிப்பான். படலைக்குள் கால் வைத்ததும் முகம் மாறிவிடும். சப்பாத்தைக் கழற்றி வை என்றால் "ஏலாது". முகம் கழுவச் சொன்னால் "நீங்க சொல்லி நான் ஏன் செய்யோணும்?" தங்கச்சி கீறிய படத்தை வேண்டுமென்றே கிழிப்பான். கேட்டால் அவள்தான் தொடங்கினாள் என்பான். வீட்டுப்பாடம் இரவு ஒன்பது மணி வரை இழுபடும். எனக்கும் மாமிக்கும்தான் இது கூட. கணவர் துறைமுகப் பக்கம் சிப்ட் வேலை. அவர் வந்தால் கொஞ்சம் அடங்குவான், அதுவும் கொஞ்ச நேரத்துக்குத்தான். குழப்படி இல்லாத பிள்ளை கிடையாது, அது எனக்கும் தெரியும். ஆனால் எங்கள் வீட்டில் மாதக்கணக்காக எல்லாமே அவனுடைய கோபத்தைச் சுற்றித்தான் நடந்தது. காலையில் எழும்பும்போதே வயிற்றைப் பிசையும்.

சொந்தக்காரர் ஆளுக்கொரு வழி சொன்னார்கள். "அடியாத மாடு படியாது" என்றார் ஒரு பெரியப்பா. செல்லம் கூடிப்போச்சு என்றார்கள் சிலர். மாமி பத்திரகாளி அம்மன் கோயிலில் அவனுக்கு நூல் கட்டுவித்தார். அவருடைய மனம் ஆறும் என்று நானும் கூடப் போனேன். ஆனால் பள்ளிக்கூடத்தில் கேட்ட பதில்தான் என்னை உடைத்தது. "உங்கட மகனா? சத்தமே போட மாட்டார். வீட்டிலதான் ஏதோ பிரச்சினை இருக்கும்." பள்ளிக்கூடத்தில் நல்லவனாக இருந்தால் வீட்டுக் கதை பொய், இல்லாவிட்டால் தாய் சரியில்லை. எங்கள் ஊரில் மிகச் சுலபமாக இப்படி முடிவு கட்டிவிடுகிறார்கள். அது பிழை என்று அடித்துச் சொல்வேன். அந்த ஒரு முடிவால் எத்தனையோ பிள்ளைகளுக்கு வருடக்கணக்கில் உதவி கிடைக்காமல் போகிறது.

மகள் பிறந்த காலத்தில் இருந்து பழக்கமான குடும்பநல மிஸ்தான் வழி காட்டினார். முதலில் பிள்ளைகள் வைத்தியரிடம் காட்டினோம். கண், காது, நித்திரை, குறட்டை, இரத்தத்தில் இரும்புச்சத்து என்று பார்த்துவிட்டு, பெரியாஸ்பத்திரி மனநலக் கிளினிக்குக்குத் துண்டு எழுதித் தந்தார். அரச ஆஸ்பத்திரி, காசு இல்லை. ஆனால் அந்த வாசலுக்குள் போவதுதான் பெரிய பாடு. ஊர் சின்னது, யாராவது கண்டால் பிள்ளைக்கு 'விசர்' என்று பெயர் வைத்துவிடுவார்கள் என்று கணவர் பயந்தார். அவர் பயந்ததிலும் நியாயம் இருக்கிறது. நூல் கட்டப் போகிறவரை யாரும் ஒன்றும் கேட்பதில்லை, கிளினிக்குக்குப் போகிறவரைத்தான் திரும்பிப் பார்க்கிறார்கள். இது மாறவேண்டும்.

கிளினிக்கில் மகன் எப்படி இருந்தான் தெரியுமா? கையைக் கட்டிக்கொண்டு, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிக்கொண்டு, கொடுத்த தாளில் ஒரு கப்பலைக் கீறி, அதன் கொடிக்குக்கூட நிறம் தீட்டிக்கொண்டு இருந்தான். இந்த டொக்டரும் நம்பப் போவதில்லை என்று எனக்குத் தொண்டை அடைத்தது. டொக்டர் அவனைப் பார்த்துச் சிரித்துவிட்டு என்னிடம் திரும்பினார். "இஞ்ச இப்பிடித்தான் இருப்பார், அது எனக்குத் தெரியும். வீட்டில என்ன நடக்குது என்று சொல்லுங்கோ, அம்மா." அன்றுதான் முதல் தடவையாக முழுவதையும் சொன்னேன்.

எங்களோடு தனியாகக் கதைத்தார், பிறகு மகனோடு தனியாகக் கதைத்தார். 25 கேள்விகள் கொண்ட ஒரு படிவத்தை எங்களை நிரப்பச் சொல்லி, அதன் ஆசிரியர் பிரதியைப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்துவிட்டார். ரீச்சர் நிரப்பியதில் குறை என்று சொல்ல ஒன்றும் இல்லை. நான் நிரப்பியதில் கோபம், வாக்குவாதம், சொல்வழி கேளாமை எல்லாம் உச்சியில். டொக்டர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "இரண்டும் உண்மை" என்றார். வகுப்பில் யாராவது அவனைக் கொடுமைப்படுத்துகிறார்களா, வாசிப்பதில் சிரமம் இருக்கிறதா, கவனக்குறைவு இருக்கிறதா, பயமா, வீட்டில் யாரும் அடிக்கிறார்களா என்று ஒவ்வொன்றாகத் துருவினார். கடைசிக் கேள்வி கேட்கும்போது சங்கடமாக இருந்தது. ஆனால் கேட்கத்தான் வேண்டும். வீட்டில் மட்டும் ஒரு பிள்ளை மாறி நடக்கிறது என்றால் வீட்டுக்குள் அதற்கு ஆபத்து இல்லை என்பதை முதலில் உறுதிப்படுத்த வேண்டாமா?

இதற்கு ஒரு பெயரும் வரையறையும் இருக்கின்றன. ஓ.டி.டி. என்று சுருக்கமாகச் சொல்கிற எதிர்ப்பு நடத்தைக் கோளாறு அது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-இல் வெளியிட்ட டி.எஸ்.எம்.-5 கையேடு எட்டு அடையாளங்களைச் சொல்கிறது. அடிக்கடி கோபம் வெடிப்பது, பெரியவர்களோடு வாக்குவாதம், வேண்டுமென்றே மற்றவரைச் சீண்டுவது, தன் பிழையைப் பிறர்மேல் போடுவது போன்றவை அவை. அவற்றில் குறைந்தது நான்கு இருக்கவேண்டும், ஆறு மாதமாவது நீடிக்கவேண்டும், ஐந்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளையில் வாரம் ஒரு முறையாவது தெரியவேண்டும். சகோதரங்களோடு மட்டும் சண்டை என்றால் அது கணக்கில் வராது. எங்களுக்கு முக்கியமான விசயம் அடுத்தது. ஒரே ஓர் இடத்தில், உதாரணமாக வீட்டில் மட்டும், தெரிவதையும் அந்தக் கையேடு ஏற்றுக்கொள்கிறது. அதை லேசான வகை என்று பிரிக்கிறது. எத்தனை இடத்தில் தெரிகிறது என்பதை வைத்துத்தான் அந்தப் பிரிப்பு. வீட்டில் இருக்கிறவர்களுக்கு அது லேசாக இராது என்று டொக்டரே சொன்னார்.

ஏன் வீட்டில் மட்டும் என்று கேட்டேன். மகனோடு தனியாகக் கதைத்ததில் அவருக்கு ஒன்று தெரியவந்திருந்தது. பிழை விட்டுவிடுவேனோ, ரீச்சர் ஏசிவிடுவாரோ என்று பகல் முழுவதும் தன்னை இறுக்கிப் பிடித்துக்கொண்டு இருக்கிறான். புலமைப்பரிசில் பரீட்சை நெருங்க நெருங்க அது கூடியிருக்கிறது. தன்னைக் கைவிடமாட்டாள் என்று நிச்சயமாகத் தெரிந்த ஆளிடம் வந்துதான் பிடியை விடுகிறான். மற்றக் காரணம் வீட்டில் பழகிப்போன ஒரு சுற்று. ஜெரால்ட் பற்றர்சன் என்ற ஆய்வாளர் அமெரிக்காவின் ஒரிகனில் குடும்பங்களை அவரவர் வீட்டிலேயே கவனித்து இதை விளக்கினார். நான் ஒன்று சொல்ல, அவன் கத்துவான். நான் குரலை உயர்த்த, அவன் இன்னும் கத்துவான். கடைசியில் நான் களைத்து விட்டுவிட, வீடு அமைதியாகும். கத்தினால் வேலை தப்பும் என்று அவனுக்குப் பழகும், விட்டால் அமைதி வரும் என்று எனக்குப் பழகும். அடுத்த முறை இரண்டு பேரும் ஒரு படி மேலே இருந்துதான் தொடங்குவோம். கயிறிழுப்புப் போலத்தான், ஒரு பக்கம் பிடியை விட்டால் மற்றப் பக்கத்தால் இழுக்க முடியாது.

இதற்கென்று மாத்திரை கிடையாது. கூடவே கவனக்குறைவு போல வேறு ஏதாவது இருந்தால் அதற்குத்தான் மருந்து. பயிற்சி எல்லாம் தாய் தகப்பனுக்குத்தான். மகன் ஒன்றிரண்டு தடவைதான் வந்தான், மற்றப்படி நாங்கள்தான் போனோம்.

முதல் வேலை, தினமும் பத்து நிமிடம் அவனோடு விளையாடுவது. கட்டளை, கேள்வி, திருத்தம் ஒன்றும் கூடாது. சொல்லும்போது சின்ன வேலை, செய்யும்போதுதான் கஷ்டம் விளங்கும். அவன் நெருப்புப் பெட்டிகளை அடுக்கித் துறைமுகம் கட்டுவான். "பாரந்தூக்கியை ஓரத்தில வைக்கிறாய்" என்று நான் பார்த்ததைச் சொல்லவேண்டும், அவ்வளவுதான். "கிரேன் அப்பிடியா இருக்கும்?" என்று கேட்க நாக்கு துடிக்கும், அடக்கிக்கொள்வேன். சில நாளில் அவனே வந்து "அம்மா, இண்டைக்கு எப்ப?" என்று கேட்கத் தொடங்கினான்.

அடுத்தது சொல்லும் விதம். கிட்டப் போய், ஒரே நேரத்தில் ஒரே வேலையை, கேள்வியாக இல்லாமல் சொல்வது: "தம்பி, சப்பாத்தை ராக்கையில வை." செய்தால் உடனே, என்ன செய்தான் என்று சொல்லிப் பாராட்டுவது. முணுமுணுப்பை, கண்ணை உருட்டுவதைக் காணாத மாதிரி விடுவது. அடித்தால், எறிந்தால் முன்பே சொல்லி வைத்தபடி அன்றைய ரிவி இல்லை. அதற்குமேல் பிரசங்கம் கிடையாது, அடுத்த நாள் புதுக்கணக்கு.

முதலில் கூடும், பிறகுதான் குறையும் என்று டொக்டர் எச்சரித்திருந்தார். அப்படியே நடந்தது. ஒரு இரவு புட்டுத் தட்டு நிலத்தில் போய் விழுந்தது, சம்பல் சுவர் வரை. நான் ஒன்றும் பேசாமல் விளக்குமாற்றை எடுத்துக் கொடுத்தேன். அழுதழுது கூட்டினான். அந்த நேரத்தில் மாமி இரகசியமாகப் போனைக் கொடுத்துவிட்டார். பேரன் அழுவதைப் பார்க்க அவருக்குத் தாங்கவில்லை. கணவர்தான் இருந்து கதைத்தார்: "அம்மா, நாங்கள் மூன்று பேரும் ஒரே மாதிரி நின்றால்தான் இவன் தப்புவான்." அடுத்த கிளினிக்குக்கு மாமியும் வந்தார். என் கணக்கில் திருப்பம் அங்கேதான். பாட்டன் பாட்டியோடு இருக்கிற வீடுகளில் தாயை மட்டும் கூப்பிட்டுப் பயிற்சி கொடுத்துப் பலன் இல்லை.

கிளினிக்குக்குப் போகிறவர்கள் ஒரு அப்பியாசக் கொப்பியில் எழுதிக்கொண்டு போங்கள்: எத்தனை மணிக்கு, அதற்கு முன் என்ன நடந்தது, பிள்ளை என்ன செய்தது, நீங்கள் என்ன செய்தீர்கள், எப்படி முடிந்தது. எங்கள் கொப்பியில் பெரும்பாலான சண்டை வேனால் இறங்கிய முதல் அரை மணித்தியாலத்தில் இருந்தது. இப்போது அந்த அரை மணித்தியாலம் யாரும் அவனை ஒன்றும் கேட்பதில்லை, தேத்தண்ணியும் பிஸ்கட்டும் மட்டும். பிள்ளை கத்துவதைப் போனில் படம் பிடித்துச் சொந்தக்காரருக்கு அனுப்பாதீர்கள். ஆஸ்பத்திரிக்குப் போக முடியாத நேரத்தில் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு எடுத்துக் கதைக்கலாம்.

சண்டை முற்றாக நிற்கவில்லை. வாரத்தில் ஓரிரண்டு வரும், முன்னைப் போல மணிக்கணக்காக இழுபடுவதில்லை. டொக்டரின் கடிதத்தோடு போனபோது ரீச்சர் இந்த முறை இருத்திக் கேட்டார். பிழை விட்டால் பயப்படத் தேவையில்லை என்று அவனிடம் தனியாகச் சொல்வதாக ஒத்துக்கொண்டார். அடுத்த கிளினிக் திகதி பரீட்சைக்கு முன்னால் வருகிறது, அதற்குள் ரியூசன் ஒன்றைக் குறைப்பதா என்று வீட்டில் கதைத்துக்கொண்டு இருக்கிறோம்.