மாமனாரின் சுண்ணாம்பு டப்பி

சென்ற ஆவணியில், தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூருக்கு மாமனாரையும் மாமியாரையும் காரில் அழைத்துச் சென்றுகொண்டிருந்தபோது, பழையகாயலைத் தாண்டியதும் மாமனாரின் கையிலிருந்த சுண்ணாம்பு டப்பி நழுவிக் காலடியில் விழுந்தது. விழுந்த சத்தம் எங்கள் எல்லோருக்கும் கேட்டது. அவர் குனிந்து தேடினார்; மாமியார் தேடினார்; முன் இருக்கையிலிருந்து என் மனைவியும் திரும்பித் தேடினாள். டப்பியைக் காணவில்லை. ஓடுகிற காருக்குள் விழுந்த பொருள் எங்கே போய்விடும் என்ற துணிவில் வண்டியை ஓரமாக நிறுத்திப் பின்பக்கத்து ரப்பர் மேட்டைத் தூக்கினேன். கதவோரத்தில் நான்கு விரல் அகலத்துக்கு ஓர் ஓட்டை இருந்தது. அதன் வழியே தார்ச் சாலையும், சாலையில் ஊர்ந்துகொண்டிருந்த ஒரு கட்டெறும்பும் தெளிவாகத் தெரிந்தன.

புறப்பட்டதிலிருந்தே மாமனார், "மாப்பிள்ளை, காலுக்கெல்லாம் தனியா ஏசி வச்சிருக்கீங்க போல, ஆனா காத்து சூடால்லா வருது" என்று சொல்லிக்கொண்டுதான் வந்தார். புதுவகை வசதி ஏதோ இருப்பதாக அவர் நம்பியதால், நானும் பெருமையுடன் பேசாமல் இருந்துவிட்டேன்.

என் காரைப் பார்த்தவர்கள் இதை நம்ப மாட்டார்கள். மாதந்தோறும் வாக்ஸ் போட்டு, பானட்டில் முகம் பார்த்துத் தலை வாரலாம் என்ற அளவுக்குப் பளபளப்பாக வைத்திருப்பவன் நான். தலைக்கு எண்ணெய் தடவி, வகிடெடுத்து, பவுடர் பூசி, காலில் மட்டும் சிரங்கோடு பள்ளிக்கூடத்துக்கு அனுப்பப்பட்ட பிள்ளையைப் போலத்தான் அந்தக் கார் இத்தனை ஆண்டுகளாக ஊரைச் சுற்றியிருக்கிறது என்பது மறுநாள் பட்டறையில் லிஃப்டில் ஏற்றிய பிறகுதான் எனக்கு விளங்கியது.

மெக்கானிக் ஒரு ஸ்குரூ டிரைவரின் பின்பக்கத்தால் அடிப்பாகத்தைத் தட்டிக்கொண்டே வந்தார். நல்ல தகடு 'டிங்' என்றது. கெட்ட தகடு 'பொத்' என்றது. 'பொத்' என்ற இடமே அதிகம். ஓரிடத்தில் லேசாக அழுத்தியதும் ஸ்குரூ டிரைவர் கைப்பிடி வரை உள்ளே போய்விட்டது. "மேல பெயின்ட் இருக்கு அண்ணாச்சி, உள்ள தகடுதான் இல்ல. அப்பளம் மாதிரி இத்துப்போச்சு" என்றார். ஒரு மருத்துவர் கூட இவ்வளவு அமைதியாகச் சொல்லியிருக்க முடியாது.

"நான் கடலோரத்தில் நிறுத்துவதே இல்லையே" என்றேன். கடல் எதற்கு, முத்தையாபுரத்தில் வீட்டை வைத்துக்கொண்டு தினமும் உப்பு லாரிகளுக்குப் பின்னால் போனால் போதாதா என்று கேட்டார். ஈர உப்பிலிருந்து சொட்டுகிற நீர் சாலையில் விழுகிறது. அதை நம் சக்கரங்கள் வாரி அடிவயிற்றில் அப்புகின்றன. காய்ந்துவிட்டால் தொல்லை தீர்ந்தது என்று நாம் நினைக்கிறோம். ஆனால் காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினாலே சோற்றுப்பு காற்றிலிருந்து நீரை உறிஞ்சிக் கசியத் தொடங்கிவிடும். உப்பளக் கழிவு நீரில் மிகுந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடுக்கோ 33 சதவீதமே போதும். எனவே சொட்டு மழை பெய்யாத சித்திரையிலும், நாம் தூங்கிக்கொண்டிருக்கிற இரவுகளில், காரின் அடிப்பாகம் ரகசியமாக நனைந்துகொண்டுதான் இருக்கிறது. இரும்பு துருப்பிடிக்க நீரும் ஆக்சிஜனும் வேண்டும். நீரில் உப்பும் சேர்ந்துவிட்டால் மின்னோட்டம் எளிதாகி, அந்த வேலை பலமடங்கு விறுவிறுப்பாக நடக்கும்.

நான் ஒன்றும் செய்யாமல் இருந்தவனல்ல என்பதுதான் இந்தக் கதையின் வேதனை. செய்த ஒவ்வொன்றும் துருவுக்கே உதவியிருக்கிறது.

முதலாவதாக, கார் வாங்கியபோதே பணம் கொடுத்து, அடியில் கறுப்பாகத் தார் போன்ற கோட்டிங் அடிக்கச் செய்திருந்தேன். அடித்த பையன்கள் கடமையுணர்ச்சி மிகுதியால், கதவுக்குக் கீழே ஓடுகிற பெட்டி போன்ற பகுதியில் நீர் வடிவதற்காக விடப்பட்டிருக்கும் சிறு துளைகளையும் சேர்த்து அடைத்துவிட்டார்கள். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியபோது, எங்கள் தெருவிலும் முழங்காலுக்கு மேல் வெள்ளம் நின்றது. கார் இரண்டு நாள் அதில் நின்றது. ஊரிலிருந்த வெள்ளம் வடிந்தது. காருக்குள் புகுந்த வெள்ளம் வடிய வழியில்லாமல் அங்கேயே குடியேறிவிட்டது. நாற்றம் தாங்காமல் கார்பெட்டைக் கழற்றி எறிந்துவிட்டு ரப்பர் மேட்டை மட்டும் போட்டுக்கொண்ட நான், நாற்றத்தின் ஊற்று எங்கே என்று யோசிக்கவில்லை. வெளியே கோட்டிங் அப்படியே இருக்க, உள்ளிருந்து இரும்பு கரைந்திருக்கிறது.

இரண்டாவதாக, வாரந்தவறாமல் வாட்டர் சர்வீஸுக்கு விட்டு, அடிப்பாகத்துக்குத் தனியாகப் பணம் கொடுத்துப் பீச்சியடிக்கச் சொன்னேன். இதைச் சொன்னதும் மெக்கானிக், "அங்க என்ன தண்ணி?" என்று கேட்டார். போர் தண்ணீர். எங்கள் பகுதியில் போர் தண்ணீரை வாயில் வைத்தவர்களுக்கு மேலே விளக்கம் தேவையில்லை. உப்பைக் கழுவுவதற்காகக் காசு கொடுத்து, உப்புத் தண்ணீரால், மிகுந்த அழுத்தத்துடன், இண்டு இடுக்கு விடாமல் ஒன்பது ஆண்டுகளாகக் குளிப்பாட்டியிருக்கிறேன்.

மூன்றாவது முயற்சியை நினைத்தால் இன்றும் கூச்சமாக இருக்கிறது. லாரிக்காரர்கள் அடியில் கழிவு ஆயில் அடிப்பார்கள், துரு கிட்டவே வராது என்று பக்கத்து வீட்டு அண்ணாச்சி சொன்னதைக் கேட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை ஐந்து லிட்டர் கழிவு ஆயிலை வாங்கி, ஜாக்கி போட்டுத் தூக்கிய காருக்குப் பக்கவாட்டில் படுத்துக்கொண்டு, தென்னைக்கு மருந்தடிக்கிற கைப்பம்பால் பீச்சினேன். எது சேஸிஸ், எது சைலன்சர் என்ற வேறுபாட்டை நான் பாராட்டவில்லை. மறுநாள் காலை அலுவலகத்துக்குக் கிளம்பி இரண்டு கிலோமீட்டர் போவதற்குள் சைலன்சர் சூடேறி, காரின் நாற்புறமும் புகை எழும்பிற்று. டீக்கடையில் நின்றவர்கள் "தீ, தீ" என்று ஓடிவந்து, என்னைச் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டுவிட்டு, வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினார்கள். அதுவும் போர் தண்ணீர்தான். வீட்டு முற்றத்தில் சொட்டிய எண்ணெய் மூன்று மாதம் போகவில்லை. மனைவி அதைச் சுற்றியே கோலம் போட்டாள். அந்த எண்ணெயில் புழுதி ஒட்டி அடை போல் படிந்ததும், ரப்பர் புஷ்கள் ஊதிக் கெட்டதும் தனிச் செலவு.

பட்டறையில் நான்கு நாட்கள் வேலை நடந்தது. இத்துப்போன தகட்டை நல்ல தகடு தெரிகிற வரை வெட்டியெடுத்துவிட்டு, புதுத் தகட்டை வெல்டிங் செய்து, துத்தநாகம் கலந்த பிரைமர் அடித்தார்கள். அந்தத் துத்தநாகம் தான் முதலில் கரைந்து இரும்பைக் காப்பாற்றுமாம்; கூட்டுக் குடும்பத்தில் மூத்த மருமகளின் நிலை. இணைப்புகளில் சீலர் பூசி, அடைபட்ட துளைகளைக் கம்பியால் குத்தித் திறந்து, அவற்றின் வழியே நீண்ட குழாயை நுழைத்து உட்பக்கத்தில் மெழுகு போன்ற திரவத்தைப் பீச்சினார்கள். வெளிப்பக்கத்துக் கோட்டிங்கை எல்லாம் நன்றாகக் காய்ந்த பிறகே அடித்தார்கள். சைலன்சரையும் பிரேக்கையும் பேப்பர் சுற்றி மறைத்திருந்ததைக் கண்டு நான் தலையைக் குனிந்துகொண்டேன். துருவையும் ஈரத்தையும் உள்ளே வைத்து மேலே பூசினால் அது காப்பு அல்ல, மூடிபோட்டு வேகவைப்பது என்றார் மெக்கானிக்.

பதினெட்டாயிரம் ரூபாய் பில்லை மனைவியிடம் கொடுத்தபோது, 1914 முதல் கடல் நடுவே நின்ற பாம்பன் ரயில் பாலத்திலேயே அரிப்பு மிகுந்து 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்திவிட்டார்கள், நம் கார் எம்மாத்திரம் என்று ஆறுதல் சொல்லிப் பார்த்தேன். "அது நூறு வருஷம் நின்னுச்சு" என்றாள்.

கழுவுவதற்கு இனி நல்ல தண்ணீர்தான் வேண்டும் என்று மெக்கானிக் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். நல்ல தண்ணீர் என்றால் எங்களுக்குத் தாமிரபரணி. அது குழாயில் வருகிற நாளில் வீடே விழித்திருந்து குடங்களை நிரப்பும். இப்போது அந்த வரிசையில் இரண்டு குடம் காருக்கு. சென்ற வாரம் மாமனார் ஊரிலிருந்து வந்து இறங்கியவர், கால் கழுவ அந்தக் குடத்தை எடுக்கப் போனார். "மாமா, அது காருக்கு. நீங்க அந்தப் போர் பைப்புல கழுவிக்கோங்க" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அவர் குடத்தைப் பார்த்தார், காரைப் பார்த்தார், இடுப்பில் செருகியிருந்த புதிய சுண்ணாம்பு டப்பியை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டு, "சரி மாப்பிள்ளை, என் கால் இத்துப்போனா அந்த மெக்கானிக்குக்கிட்டயே கூட்டிட்டுப் போங்க" என்றபடி போர் பைப்பை நோக்கி நடந்தார்.